கூலருக்குப் பூசிய சந்தனம்

செம்பியனுக்கு எதையெல்லாம் கண்டால் பயம் என்று சொல்ல ஆரம்பித்தால் சிதம்பரத்தில் ஏறின பஸ் கடலூர் போய்ச் சேர்ந்துவிடும், நாம் பாதியில்தான் நிற்போம். பல்லி, ஊசி, விசில் அடிக்காத குக்கர், தெரியாத நம்பரிலிருந்து வருகிற போன், குரைக்கிற நாய். குரைக்காத நாய் என்றால் இன்னும் ஜாஸ்தி பயம், அது மனசுக்குள் என்ன திட்டம் வைத்திருக்கிறதோ என்று. ஆள் மட்டும் வாசக்காலில் தலை இடிக்கிற உயரம். மீசையைப் பார்த்தால் குழந்தைகள் அழும். அழுகிற குழந்தையைப் பார்த்து இவர் பயந்துபோவார்.

ஒரு காலத்தில் கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டினார். பின்னால் வருகிற பஸ் ஆரன் அடித்தால் மற்ற டிரைவர்களுக்கு ரோஷம் வரும். செம்பியனுக்கு வியர்வை வரும். ஓரங்கட்டி, கையையும் காட்டி, வழி விட்டுவிடுவார். “டிரைவரே, ஊட்டுல மாவு ஆட்டி வெச்சிட்டு வந்தேன், நான் போறதுக்குள்ள புளிச்சிடும்போல” என்று பின் சீட்டிலிருந்து யாராவது கத்துவார்கள். கடைசியில் முதலாளியே கூப்பிட்டு, “செம்பியா, நீ ஓட்டுனா என் பஸ்சு பத்திரமா இருக்குது. ஏறுறதுக்கு ஜனந்தான் இல்ல” என்று அன்பாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எருமை. பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய லாரி. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுமே இழுக்கிற வண்டி. சேறு, பள்ளம், வாய்க்கால் எதிலும் இறங்கி ஏறும். செம்பியனும் அவர் மனைவியின் தம்பி காத்தவராயனும் கூட்டாக வாங்கினார்கள். சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு வெட்டுகிற காலத்தில் வயலில் புதைந்து நிற்கிற டிராக்டரையும் லாரியையும் சங்கிலி போட்டு இழுத்து விடுவது வேலை. சேற்றைக் கண்டால் சந்தோஷமாக இறங்கிப் படுத்துக்கொள்வதால் அந்தப் பேர். எருமை வேகமாகப் போகாது என்பதுதான் செம்பியனுக்கு அதில் முதலில் பிடித்த விஷயம். “மாமா, இதுல ஸ்பீடாமீட்டரக் கழட்டிட்டு ஒரு காலண்டர மாட்டுங்க” என்று காத்தவராயன் கிண்டல் செய்வான்.

எருமைக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஸ்டியரிங் லேசில் திரும்பாது. திருப்பித் திருப்பிச் செம்பியனின் வலது தோள்பட்டை தேய்ந்துபோனது. தலைக்கு எண்ணெய் வைக்கக் கை ஏறவில்லை. காத்தவராயன் லால்பேட்டைக்குப் போய், உடைத்த லாரி ஒன்றிலிருந்து பவர் ஸ்டியரிங் சாமான்களை வாங்கி வந்து மாட்டினான். ஒரு பம்பு, எண்ணெய் நிரப்பின ஒரு சின்ன டேங்கு, நாலைந்து குழாய். பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சக்கரத்தைத் தள்ளும், ஓட்டுகிறவர் ஒரு விரலால் திருப்பலாம்.

ஆனால் சேறு ரோடு இல்லையே. சக்கரம் திரும்பமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நிற்கும். பம்பு முக்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் கொதித்துப் பஜ்ஜிச் சட்டியாகிவிடும். கொதித்த எண்ணெய் நுரைத்து மூடி வழியாகப் பொங்கிவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். முன்னால் இருந்ததைவிட மோசமான கல். அதற்காக எண்ணெயை ஆற்றுவதற்கு ஒரு கூலரையும் பிடித்து எருமையின் நெற்றியில் மாட்டினான் காத்தவராயன். மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும். அந்த இடுக்குகளில் காற்று புகுந்து போனால், உள்ளே ஓடுகிற எண்ணெய் ஆறிவிடும். புதுசாக, பளபளவென்று இருந்தது.

அது பளபளவென்று இருந்ததுதான் வம்பு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் தெருவில் போன இன்னொரு லாரி டிரைவர் நின்று பார்த்து, “இன்னா செம்பியா, எருமைக்கு வெள்ளிப் பட்டம் கட்டிட்ட போல. ஷோக்கா இருக்குதே” என்று சொல்லிவிட்டுப் போனான். செம்பியனுக்கு அன்று தூக்கம் இல்லை. திருஷ்டி பட்டுவிட்டது என்று முடிவே செய்துவிட்டார். மறுநாள் எல்லோரும் வண்டியின் முகப்பில் மூன்று விரலால் சந்தனம் வைத்தார்கள். செம்பியன் கிண்ணத்தோடு கூலருக்கு அப்பினார். மழைக்காலம் வேறு, சந்தனம் கரைந்து ஓடிவிட்டால் காவல் போய்விடுமே என்று இன்னொரு பயம். அதனால் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையைச் சந்தனத்தில் குழைத்தார். பல் இடுக்கெல்லாம் இறங்குகிற மாதிரி தேய்த்தார். நடுவில் குங்குமம். மேலே கனமான சாமந்தி மாலை. காத்தவராயன் சாயங்காலம் வந்து பார்த்தபோது மாலைதான் தெரிந்தது. மாலை வாடிச் சருகான பிறகும் செம்பியன் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான்.

எருமைக்கு மூச்சு விடுகிற மூக்கை அடைத்துவிட்டார் மனுஷன். அவருக்கு அது தெரியாது. தார் ரோட்டில் போன சில நடைகளில் எண்ணெய் சூடேறவும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோரத்தில் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். செம்பியனின் மனைவி லோகநாயகி, ஆற்றங்கரையின் அந்தக் கோடியில் நாணல்திட்டு என்கிற ஊரில் அங்கன்வாடி டீச்சர். காலையிலேயே கிளம்பிப் போனவள். செம்பியன் போன் போட்டார். பதறியதில் முதல் தடவை தன் நம்பருக்கே போட்டார்.

“எங்கடி இருக்கிற?”

“எங்க இருப்பேன்? சென்டர்லதான்.”

“தண்ணி வருதாம். மொதல்ல நீ கெளம்பு.”

“பசங்களையும் ஊரு சனத்தையும் உட்டுட்டு நான் மட்டும் எப்புடிக் கெளம்புறது? இருவது இருவத்தஞ்சி பேரு கெடக்குறாங்க. டிராக்டரு சேத்துல வர முடியாம பாதியிலயே திரும்பிப் போயிடுச்சி. எருமையக் கொண்டாங்க.”

“நானா?”

“பின்ன, எருமை தானாவா ஓட்டிக்கினு வரும்?”

போன் கட்டாகிவிட்டது. செம்பியன் போய் வண்டியில் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் ரெண்டு தடவை பாத்ரூம் போனார். இது குத்தம் சொல்வதற்காக இல்லை, நடந்ததைச் சொல்ல வேண்டுமே. காத்தவராயன் பக்கத்தில் தாவி ஏறிக்கொண்டான்.

நாணல்திட்டுக்குப் போகிற வழி ஆற்றங்கரையின் மேலேயே போகிறது. ஒரு லாரி அகலம், அவ்வளவுதான். இடது பக்கம் ஆறு பழுப்பு நிறத்தில், சத்தமே போடாமல், முழு மரங்களைச் சுமந்துகொண்டு போனது. செம்பியனுக்குக் குரைக்காத நாயின் ஞாபகம் வந்தது. வலது பக்கம் பனை உயரப் பள்ளம், கீழே வயல். சக்கரம் வழுக்கும் போதெல்லாம் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்துப் போனார். பாதி வழியிலேயே பம்பு மெல்ல முனக ஆரம்பித்தது.

“மச்சான், ஏதோ சத்தம் கேக்குது.”

“ஒங்க பல்லு கடிக்கிற சத்தம் மாமா. ரோட்டப் பாருங்க.”

நாணல்திட்டில் வண்டியைத் திருப்பத்தான் பெரும்பாடு. முன்னே, பின்னே, முழு ஒடிப்பு, மறுபடி முன்னே. முனகல் ஊளையானது. குழந்தைகளைத் தூக்கி ஏற்றினார்கள், பெரியவர்கள் மூட்டைகளோடு ஏறினார்கள். இட்லிக்கடை ராசம்மாள் ஒரு பையில் ரேஷன் பாமாயில் பாக்கெட்டுகளையும் அரிசியையும், அக்குளில் ஒரு தென்னந் துடைப்பத்தையும் வைத்துக்கொண்டு ஏறினாள். “வெள்ளத்துக்குப் போறப்போ துடைப்பம் எதுக்குக்கா?” என்று லோகநாயகி கேட்டதற்கு, “போற எடம் குப்பையா இருந்தா?” என்றாள்.

லோகநாயகி ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பின்னால் ஏறினாள். தட்டினாள். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம்தான். கேபினுக்குள் காந்தல் வாடை வந்தது. ஸ்டியரிங் ஒரு நேரம் லேசாகவும் ஒரு நேரம் யாரோ எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரியும் இருந்தது. செம்பியன் இடது பக்கம் ஒடித்தார், வண்டி கேட்கவில்லை. ஆற்றைப் பார்த்தே போனது. அப்புறம் திடீரென்று கேட்டது மாதிரி ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. பின்னால் இருந்தவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். செம்பியன் பிரேக்கை மிதித்தார். முன் சக்கரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு நாணல் புதர்தான் இருந்தது.

காத்தவராயன் இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினான். எண்ணெய் டேங்கின் மூடியைச் சுற்றி வெள்ளை நுரை வழிந்துகொண்டிருந்தது. தொட்டான், உதறினான். கூலரைப் பார்க்க முன்பக்கம் வந்தவன் காய்ந்த மாலையைப் பிய்த்து எறிந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னா மாமா இது?”

“சந்தனம்.”

“சந்தனம்னு தெரியுது. ஏன் செவுரு மாதிரி நிக்குது?”

“கரையக் கூடாதுன்னு... கொஞ்சம் பசை.”

காத்தவராயன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அக்காள் புருஷன் என்கிற மரியாதை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே செத்தது. “யோவ்! காத்து போற ஓட்டையில பூசி மெழுகி வெச்சிருக்கிறியே! நீ இன்னா கொத்தனாரா?”

லோகநாயகி பின்னாலிருந்து குதித்து வந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். “எதுக்கு நிறுத்துனீங்க?”

“சும்மா... வண்டி கொஞ்சம் ஆறட்டும்னு...”

அவள் கூலரைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து படித்த முகம், கேள்வியே கேட்கவில்லை. “இப்புடியே போனா?” என்றாள் தம்பியிடம்.

“மதகாண்ட ஒரு வளைவு இருக்குது இல்ல. அங்க முழுசா ஒடிக்கணும். ஒடியலன்னா நேரா ஆத்துக்குள்ளதான். இத சுத்தம் பண்ணி, எண்ணெய ஆற வெச்சாதான் போவ முடியும்.”

“நடந்து போயிட்டா?”

கேட்டவளே திரும்பிப் பார்த்தாள். முன்னால் வழியில் ஓர் இடத்தில் தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்து வயலுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. எருமை கடக்கும். இடுப்பு உயரப் பிள்ளைகள் கடக்க முடியாது. கரையின் சரிவில் ஓர் ஊற்று குமிழி விட்டுக்கொண்டிருந்ததைச் செம்பியன்தான் முதலில் பார்த்தார். பார்க்காத மாதிரி இருக்க முயன்றார். முடியவில்லை. கரை உள்ளுக்குள் கரைகிறது.

காத்தவராயன் ஸ்குரூ டிரைவரால் சந்தனத்தைக் குத்தினான். தகடு மடங்கியது. “இது ஆவாது. மெல்லிசா, வளையுற மாதிரி குச்சி வேணும்.”

லோகநாயகி லாரியை நிமிர்ந்து பார்த்தாள். “ராசம்மாக்கா! அந்தத் துடைப்பத்தக் குடு.”

ராசம்மாள் துடைப்பத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “சாமிக்கு வெச்ச சந்தனத்துல துடைப்பக் குச்சியா? டீச்சரு, நீயா பேசுற? குடும்பம் வெளங்குமா?”

லாரியில் ரெண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். இருக்கிற கஷ்டத்தில் சாமிக் குத்தம் வேறு சேர வேண்டுமா என்றார்கள். உண்மையைச் சொன்னால் செம்பியனும் உள்ளுக்குள் அந்தக் கட்சிதான். அப்போது கரைச் சரிவில் ஒரு கூடை மண் சொத்தென்று விழுந்தது. ஊற்று குடத்து வாய் அளவுக்குத் திறந்தது.

“அக்கா, சாமியும் நம்ம கூடத்தான் இந்த வண்டியில வருது. முங்குனா அதுவும் சேந்துதான் முங்கும்” என்றாள் லோகநாயகி.

ராசம்மாள் ஊற்றைப் பார்த்தாள். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மா தாயே, அவசரத்துக்கு. தப்பா எடுத்துக்காத.” லாரி முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் மழைக்கு நடுவில் படபடவென்று கேட்டது. பிறகு துடைப்பத்தின் கட்டைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சி. எருமையின் நெற்றியைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் குனிந்து, பேன் பார்க்கிற மாதிரி, இடுக்கு இடுக்காகச் சந்தனத்தை நோண்டினார்கள். சிலர் மூட்டையிலிருந்த இட்லிச் சட்டியை எடுத்து அதில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு கூலர் மேல் ஊற்றினார்கள். ஆவி புஸ்ஸென்று வந்தது. சந்தனம் மஞ்சள் புழு மாதிரி நெளிந்து நெளிந்து விழுந்தது. செம்பியன் விரலால் நோண்டினார். நகத்துக்குள் ரத்தம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் ஊற்றின் மேலேயே இருந்தது.

“டேங்கத் தொட்டுப் பாருங்க மாமா. கை பொறுக்குதான்னு சொல்லுங்க.” மரியாதை திரும்பி வந்திருந்தது.

தொட்டார். “சுடுது.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப?”

“சுடுது.”

“ஒங்களுக்குப் பயத்துல சுடுதா, நெசமாவே சுடுதா?”

செம்பியன் மறுபடி தொட்டுப் பார்த்தார். இதுதான் அவருடைய கஷ்டமே. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு, எந்தப் பயத்தை நம்புவது என்று தெரியாது. ஆறுவதற்கு முன் எடுத்தால் வளைவில் கவிழலாம். ஆறும்வரை நின்றால் நிற்கிற கரையே போகலாம். லாரியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கூடை மண் விழுந்தது.

“எடுக்கலாம்” என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

எண்ணெய் பாதி பொங்கிப் போயிருந்தது, மாற்று எண்ணெய் இல்லை. ராசம்மாளின் பாமாயில் பாக்கெட்டைப் பல்லால் கடித்து டேங்கில் பிழிந்தான் காத்தவராயன். “போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குனா போதும்.” லோகநாயகி இந்தத் தடவை கேபினில் ஏறிச் செம்பியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காத்தவராயன் ஒரு கழியை ஊன்றி, வழியைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

தண்ணீர் வழிந்த இடத்தை எருமை மூக்கைத் தூக்கிக்கொண்டு கடந்தது. ஸ்டியரிங் கேட்டது. பம்பின் ஊளை குறைந்து முனகலாக இருந்தது. செம்பியன் மூச்சு விட நினைத்தபோது மதகு வந்துவிட்டது.

இடது பக்கம் ஒடித்தார். ஒடிந்தது. இன்னும் ஒடித்தார். எங்கோ ஒரு குழாய் பட்டென்று வெடித்தது. கேபின் முழுக்க வடை சுடுகிற வாசனை பரவியது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. சக்கரம் பாதி திரும்பின நிலையில், எருமையின் மூக்கு ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு, ஊர்ந்துகொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். காத்தவராயன் முன்னால் கழியை ஆட்டி ஏதோ கத்தினான், வைப்பர் அவனைத் துடைத்துத் துடைத்துக் காட்டியது.

செம்பியனின் தோள்பட்டையில் ஏதோ கிழிந்தது. கை பாதியில் நின்றது.

“என்னால முடியலடி.”

 லோகநாயகி சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தாள், ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள், உடம்பு முழுக்க அதில் தொங்கினாள். “நீங்க கீழேர்ந்து தள்ளுங்க. தள்ளுங்கங்கிறேன்!” அவர் தள்ளினார். அவள் இழுத்தாள். ஸ்டியரிங் விரல் விரலாக நகர்ந்தது. ஆறு கண்ணாடி முழுக்க நிறைந்து நின்றது. பிறகு முக்கால், பிறகு பாதி. பிறகு கண்ணாடியில் மதகின் கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் ரோடு, ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற சனங்கள்.

வெள்ளத்துக்குத் தப்பி வருகிறவர்கள் தங்குவதற்குத் திறந்து வைத்திருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் எருமை தானாகவே நின்றது. பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். குழந்தைகளை யாரோ வாங்கி வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். ராசம்மாள், “துடைப்பத்துல நாலு குச்சிதான் மிஞ்சியிருக்குது” என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டுக்கொண்டு போனாள். காத்தவராயன் வெடித்த குழாயைப் பார்க்கக் கீழே படுத்தான்.

செம்பியன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடமாட்டேன் என்றது. விரல்கள் அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டன. அதற்கும் புதிதாக ஒரு பயம் வந்தது, இனிமேல் இப்படியேதான் இருக்குமோ என்று.

லோகநாயகி அவர் பக்கம் சாய்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சுண்டு விரல், மோதிர விரல். நடு விரலுக்கு வந்தபோதுதான் செம்பியன் கவனித்தார். நடுங்குவது தன் கை இல்லை. அவள் கை. வளையல்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் போட்டன. பல் கிட்டிக்கொண்டு, உதடு வெளுத்து, அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் விரல்களைப் பிரித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பல்லியை அடிப்பதும் ஊசி போடக் கூட்டிப்போவதும் தெரியாத நம்பருக்குப் பதில் சொல்வதும் இவள்தான். வீட்டில் பயத்துக்கு ஓர் ஆள், தைரியத்துக்கு ஓர் ஆள் என்று பங்கு பிரித்தாகிவிட்டது என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

“லோகா, ஒனக்குப் பயமா இருந்துச்சா?”

“பேசாம இருங்க.”

“எப்பேர்ந்து?”

“காலையிலேர்ந்து.” கடைசி விரலைப் பிரித்துக்கொண்டே, “ஒங்கள வரச் சொல்லிட்டோமேன்னு” என்றாள். “போன வெச்சதுலேர்ந்து.”

செம்பியனின் விரல்கள் இப்போது முழுசாக விடுபட்டுவிட்டன. என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கையை எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்த அதே பிடியாகப் பிடித்துக்கொண்டார். வலித்திருக்கும். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து காத்தவராயன், “மாமா, பாமாயில் முழுசா ஊத்திப்போச்சி! இறங்குறப்போ வழுக்கும், பாத்து!” என்று கத்தினான். இரண்டு பேரும் இறங்கவில்லை.